மூச்சு வாங்குவதும் விடுவதும்

ஒவ்வொரு வருடமும் பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகையில் 'வாயுப் பரிமாற்றம்' என்று எழுதும்போது கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும். நான் எழுதி முடிப்பதற்குள் அது முதல் பெஞ்சுக்கு வந்து சேர்ந்திருக்கும். யாராவது ஒருவன் வாயாலேயே ஒரு சத்தம் கொடுப்பான். திரும்பிப் பார்த்தால் அத்தனை முகமும் பச்சைப் பிள்ளை முகமாக இருக்கும். பாடப் புத்தகம் எழுதிய புண்ணியவான்களுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று வருடா வருடம் அலுத்துக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் வாயு என்றால் ஒன்றுதான். அது வயிற்றில் இருப்பது. நெஞ்சில் குத்தினால் வாயு, முதுகில் பிடித்தால் வாயு, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலும் வாயு.

பிள்ளைகள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், வயது அப்படி. வளர்ந்தவர்களை என்ன செய்வது? என் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது வீட்டுக்கு வந்தவர் போனவர் அத்தனை பேரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள். கேஸ்.

அம்மா மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில் இட்லிக் கடை போட்டிருந்தவள். பெயர்ப்பலகை இல்லாத கடை. விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றிவிடும். தெருவில் எல்லா வீட்டுக்கும் கேஸ் அடுப்பு வந்த பிறகும் அம்மா விறகைத்தான் வைத்து எரித்தாள். விறகடுப்பு இட்லிக்கு ருசியே தனி என்று வாடிக்கையாளர்கள் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவர்களுக்கென்ன, தின்னும் நேரம் கால் மணி. அம்மா அந்தப் புகைக்குள் குத்தவைத்து ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே இருப்பாள். சிலிண்டர் வாங்கிப் போடுகிறேன் என்று நான் சொல்லாத நாள் இல்லை. அந்தக் கேஸ் வீட்டுக்குள் வரக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவளுக்குத்தான் கடைசியில் ஊரே சேர்ந்து கேஸ் என்று பட்டம் கட்டியது.

அந்தத் தீர்ப்பை முதலில் சொன்னவர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. சோழவந்தானில் கொடிக்கால் போட்டு வெற்றிலை பயிரிடுகிறவர். வாரம் ஒரு தடவையாவது அக்காவைப் பார்க்காமல் இருக்க முடியாது அவருக்கு. வரும்போது வெற்றிலையும் வைத்தியமும் சேர்ந்தே வரும். ஒரு வாரம் சுட்ட பூண்டு, அடுத்த வாரம் ஓமத் தண்ணீர், அதற்கடுத்த வாரம் பெருங்காயம் கரைத்த மோர். அம்மா எல்லாவற்றையும் தின்றாள், குடித்தாள். குடித்துவிட்டு ஏப்பம் ஒன்று வந்துவிட்டால் போதும், "பாத்தியா, வெளிய வந்துருச்சு" என்று மாமா என்னைப் பார்த்துச் சொல்வார். விலங்கியல் படித்து, அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வயிறு கழுவுகிற நான், பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு காலையில் இட்லிக் கொப்பரையை இறக்கி வைத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை, ஆட்டோவில் ஏற்றி நெஞ்சு டாக்டரிடம் கொண்டுபோய்விட்டேன். டாக்டர் ஒரு பெண். பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று அவர் வழக்கப்படி கேட்டுவிட்டார். அம்மாவுக்கு வந்த கோபத்தில் அந்த நேரம் மூச்சுக்கூடச் சீராக வந்தது. பிறகு அவர் அடுப்பைப் பற்றிக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவையும் மாமாவையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். வேறு வழி தெரியவில்லை. நாம் இழுக்கிற காற்று நெஞ்சுக்குள் போய் கிளைகிளையாகப் பிரிந்து கடைசியில் கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன அறைகளில் முட்டி நிற்கிறது. அந்த அறையின் சுவர் அத்தனை மெல்லிசு. சுவருக்கு அந்தப் பக்கம் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றில் பிராணவாயு அதிகம், இரத்தத்தில் குறைவு, அதனால் அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறது. இரத்தத்தில் கரியமில வாயு அதிகம், அறையில் குறைவு, அதனால் அது அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வருகிறது. யாரும் தள்ளுவதில்லை, யாரும் இழுப்பதில்லை. அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகிறது. ஒன்று வாங்கல், ஒன்று கொடுத்தல். இதுதான் வாயுப் பரிமாற்றம் என்றேன்.

மாமா தலையாட்டினார். "நான் சொன்னதத்தேன் நீயும் சொல்ற. வாயுதேன்."

எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் விடவில்லை. அம்மாவுக்குப் புரிகிற மாதிரி இட்லியை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். பதமான மாவில் வெந்த இட்லியைப் பிட்டால் உள்ளே பொடிப்பொடியாகக் கண் இருக்கும், புளித்துக் கெட்ட மாவு என்றால் அந்தக் கண்களெல்லாம் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய பெரிய பொத்தலாகிவிடும், புகை உன் நெஞ்சை அப்படிப் பண்ணிவிட்டது, சுவர்கள் உடைந்து போனதால் கொடுக்கல் வாங்கலுக்கு இடமே இல்லை, போன காற்று வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே கிடக்கிறது என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் வாழ்நாளில் புளித்த மாவில் ஒரு இட்லி ஊற்றியதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடை மூடியது. புகை நின்றது. ஆனால் உடைந்த சுவர் திரும்ப எழும்பாது. கொஞ்ச காலத்தில் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. ஒரு சின்ன பீரோ உயரத்துக்கு, நாள் பூரா உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு. அதன் முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்ன உருண்டை, பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை கோடு. கீழே இருக்கிற திருகைத் திருப்பினால் உருண்டை ஏறும், இறங்கும். உருண்டை ஒன்றில்தான் நிற்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் தொண்ணூறைச் சுற்றிக் காட்டினால் போதும், அம்மாவுக்கு அதுதான் நூற்றுக்கு நூறு என்றும் சொன்னார். இப்படிக் கெட்டுப்போன நெஞ்சுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் கரியமில வாயு வெளியே போகாமல் இரத்தத்தில் தேங்கிவிடும், ஆளை மயக்கித் தூங்க வைக்கும், அந்தத் தூக்கம் ஆளையே கொண்டுபோய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார். நான் அந்தத் திருகுக்கு மேலே சிவப்பு மையில் '1' என்று எழுதி ஒட்டினேன்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் உள்ளே வருகிறார்கள். எங்கள் ஊரில் 'போதும்' என்ற சொல்லுக்குப் போதும் என்று அர்த்தம் கிடையாது. சாப்பிடுகிறவன் போதும் என்றால் இன்னும் இரண்டு வை என்று அர்த்தம். இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தால், விரல் சந்து வழியாக ஊற்று என்று அர்த்தம். இந்த வித்தையில் என் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. காசு கொடுத்துச் சாப்பிட வந்தவனுக்குக்கூட, போதும்க்கா என்று மறித்த கையைத் தட்டிவிட்டு ஒரு இட்லியைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போவாள். அப்படிப்பட்டவளைப் பார்க்க வருகிற சொந்தபந்தம், ஐந்து வரை கோடு இருக்கிற மெஷினில் உருண்டை ஒன்றில் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? பெத்த தாய்க்குக் காற்றைக்கூட அளந்துதான் கொடுக்கிறாள் என்று நினைக்கும். நினைத்தது. ஒரு அத்தை அதை என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள்.

அது போதாதென்று கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அந்த விரல் கருவியை வாங்கி வைத்து ஆளுக்கு ஆள் டாக்டர் ஆகியிருந்தார்கள். மாமா தன்னுடையதைச் சட்டைப்பையிலேயே கொண்டுவருவார். வந்ததும் அக்கா விரலில் மாட்டுவார். தொண்ணூறு என்று காட்டும். உடனே முகம் சுருங்கும். தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால் ஆபத்து என்று அப்போது டிவியில் சொன்னானே என்பார். அது வேறு நெஞ்சு, இது வேறு நெஞ்சு என்று நான் சொல்வேன். ஐந்து வரை கோடு போட்டிருக்கிறான் என்றால் ஐந்து வரை வைக்கத்தானே என்பார். வண்டியில் நூற்றிருபது வரைக்கும் எண் போட்டிருக்கிறதே, கீழவாசல் நெரிசலில் அந்த வேகத்தில் போவீர்களா என்று கேட்பேன். ஒரு நாள் பொறுமை போய், உங்கள் கொடிக்காலுக்குத் தண்ணீர் கூட விட்டால் என்ன ஆகும் மாமா என்று கேட்டேன். வேர் அழுகிப் போகும் என்று ஒத்துக்கொண்டார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், "கொடி வேற ஆத்தா, உசுரு வேற" என்று முடித்துவிட்டார்.

இத்தனைக்கும் நம் பேச்சிலேயே விஷயம் இருக்கிறது. சுகமாக இருக்கிறவன் மூச்சு விடுகிறான். முடியாதவனுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. விடுவதுதான் பெரிது என்று யாரோ தெரிந்துதான் பேசியிருக்கிறார்கள். டாக்டரும் அம்மாவுக்கு விடத்தான் சொல்லிக்கொடுத்தார். மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊதி விடவேண்டும். அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு அவளே, ஊதாங்குழல் ஊதுவது மாதிரியா என்று கேட்டாள். ஆமாம், அதே மாதிரி என்றார் டாக்டர். அன்றிலிருந்து அம்மா கட்டிலில் உட்கார்ந்து இல்லாத அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும்.

நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் விளாங்குடியில். வீடு ஊரின் தெற்குக் கோடி, பள்ளி வடமேற்குக் கோடி. நான் பள்ளியில் இருக்கும் நேரம் எதிர்வீட்டு அக்கா அம்மாவோடு இருப்பார். செய்முறைத் தேர்வு நடந்த ஒரு நாள் அந்த அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. எனக்கோ லீவு கிடையாது. மாமா நான் வாரேன் என்றார். திருகில் கை வைக்கக்கூடாது என்று சொன்னேன். சரி என்றார். மறுபடி சொன்னேன். "சரிங்கிறேன்ல" என்று கோபித்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒரு படம் போட்டிருந்தார். அம்மாவின் விரல், அதில் கருவி, கருவியில் தொண்ணூற்றெட்டு. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், பூச்செண்டுகள், மீனாட்சி துணை என்று நான்கைந்து பேர். டப்பாவை மூடினேன். அந்தக் கருவிக்கு உள்ளே போகிறதுதான் தெரியும். வெளியே வராமல் கிடக்கிற கரியமில வாயுவை அது காட்டாது. தொண்ணூற்றெட்டைப் பார்த்துப் பயந்த ஒரே ஆள் அந்தக் குரூப்பில் நான்தான்.

மாமாவுக்குப் போன் போட்டேன். உருண்டை எதில் நிற்கிறது என்று கேட்டேன். "கொஞ்சம் கூட வச்சேன் ஆத்தா. அக்கா எம்புட்டு நாளைக்கு அப்பறம் நிம்மதியாத் தூங்குது தெரியுமா" என்றார். எழுப்புங்கள், உடனே ஒன்றுக்கு இறக்குங்கள் என்று கத்தினேன். ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. சரி சரி என்றார். அந்த 'சரி' எந்த 'சரி' என்று எனக்குத் தெரியும். 108க்கு வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அன்றைக்குப் பார்த்து மதுரையில் இருக்கிற அத்தனை வண்டியும் ரோட்டுக்கு வந்திருந்தது. பாலத்தில் வண்டி நகரவில்லை. முன்னால் போன ஷேர் ஆட்டோக்காரன் நடுரோட்டில் நிறுத்தி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் மேல், மாமா மேல், விறகடுப்பு இட்லி கேட்ட அத்தனை பேர் மேல், வாயு என்ற அந்தச் சொல்லின் மேல் கோபம் கோபமாக வந்தது. அம்மா செத்துவிடுவாள் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கமுடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா உதட்டில் விரலை வைத்துச் சத்தம் போடாதே என்று சைகை காட்டினார். உருண்டை ஐந்தில் நின்றது. அம்மா மல்லாந்து கிடந்தாள். முகம் சிவந்து பளபளவென்று இருந்தது. கையைத் தொட்டால் கதகதப்பாக இருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் ஆள் தேறிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். நான் திருகை ஒன்றுக்கு இறக்கிவிட்டு அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் தட்டினேன். பாதிக் கண் திறந்து, "சட்னிக்குத் தேங்கா பத்தாது" என்று முனகிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். அப்போதுதான் மாமாவுக்கு முகம் மாறியது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுத் தமனியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கரியமில வாயு ஏகத்துக்கு ஏறியிருந்தது. மூக்கையும் வாயையும் மூடி இறுக்கமாக ஒரு மாஸ்க் மாட்டினார்கள். அதில் இணைத்திருந்த மெஷின் அம்மாவின் மூச்சோடு சேர்ந்து உள்ளே தள்ளிக் கொடுத்து, தேங்கியதை வெளியே வரவைக்கும் என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் நானும் மாமாவும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தோம். அவரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று இருந்தேன். பேசினால் திட்டுவேன், திட்டினால் நிறுத்தமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் வெளியே வந்து, நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார். மாமா எழுந்து நின்று கேட்டார்.

"நான் கூடத்தானம்மா குடுத்தேன். கொறச்சா குடுத்தேன்?"

டாக்டர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அப்போதும் கோபம் போகவில்லை. ஆனால் பெஞ்சில் அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அம்மா வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு மாமா வந்தால் மெஷின் பக்கமே போகமாட்டார். வாசலோரமாக உட்கார்ந்து அங்கிருந்தே அக்காவைப் பார்ப்பார். விரல் கருவி மட்டும் சட்டைப்பையில் இருந்தது. பழக்கம் விடுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் கேஸ் அடுப்பில் இட்லி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அன்றைக்கு அம்மா கூப்பிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்திருந்த மாமா, சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் கருவியை எடுத்து அக்கா விரலில் மாட்டினார். எண்பத்தொன்பது என்று காட்டியது. அவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் அவர் இடது கை திருகை நோக்கிப் போனது. வாயில் இருந்த திட்டை நான் எடுத்துவிடுவதற்குள் அம்மா கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினாள். திருகுக்கு மேலே உள்ளங்கையை விரித்து, பந்தியில் இலையை மறிக்கிற மாதிரி மறித்தாள்.

"போதும்டா தம்பி," என்றாள். உதட்டைக் குவித்து மெல்ல ஊதிவிட்டு மறுபடியும் சொன்னாள். "போதும்."

என் அம்மா தன் வாயால் போதும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா கையை எடுத்துக்கொண்டார். இத்தனை பாடம் எடுத்தும் ஏறாதது இவளுக்காவது ஏறியதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குள் அம்மா மாமாவின் தட்டைப் பார்த்துவிட்டாள். "இன்னும் ரெண்டு வை ஆத்தா அவனுக்கு" என்றாள் என்னிடம். மாமா இரண்டு கையாலும் தட்டை மறித்து, வயிறு நிறைந்துவிட்டது, சத்தியமாக வேண்டாம் என்றார்.

"அவன் அப்பிடித்தேன் சொல்லுவான்," என்றாள் அம்மா, மூச்சு வாங்க. "நீ வையி."

தலையில் அடித்துக்கொண்டு வைத்தேன்.